மருமகன்மாரும் விளையாடலாம்

“எங்களுக்கு இந்த வருசம் மருமகன்மார் போதாது, அண்ணை.”

மார்க்கம் வீதி பஸ்சில் எனக்கு முன் சீற்றில் இருந்தவர் சொன்னார். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ரொறொன்ரோவில் கோடைதோறும் உதைபந்தாட்டப் போட்டி வைக்கிறோம். எல்லாருக்கும் வயது போய்விட்டதால் மகன்மாரும் மருமகன்மாரும் விளையாடலாம் என்பது விதி.

“எதிர்க் கல்லூரிக்கு எத்தினை பேர் புதுசா?” என்று பக்கத்தில் இருந்த நரைமீசைக்காரர் கேட்டார்.

“மூண்டு. அதில ஒருத்தன் பிறம்ரனில இருக்கிற போர்த்துக்கீசப் பெடியன். மாமனார் முந்தி அவனை வீட்டு வாசல் மிதிக்க விடேல்லை. இப்ப அவர்தான் பிராக்டிசுக்குக் காரில ஏத்தி இறக்கிறார்.”

“எங்களுக்கு?”

“ஒருத்தன். பந்து வந்தா மரியாதையா விலத்தி வழிவிடுறான்.”

“அவையின்ர கோல் காக்கிற கோலி பழைய ஆள்தானே?”

“ஓம். குனிஞ்சா நிமித்தி விட ஆள் வேணும்.”

அந்தக் கோலி நான்தான். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டேன்.

“அண்ணை, உங்கட மூத்தவள் ஒரு பெடியனை விரும்பினவள் எல்லே?”

“தமிழில்லை எண்டு நான் மறுத்திட்டன். மாசக்கணக்கா அவள் என்னோட கதைக்கிறேல்லை.”

“அவன் யூனிவேர்சிற்றி ரீமில கோல் அடிக்கிறவனாம். நிச்சயம் பண்ணினாலே பேர் பதியலாம், அண்ணை.”

 மீசைக்காரர் போனை எடுத்தார்.

“பிள்ளை, அப்பா கதைக்கிறன். அந்தப் பெடியனை ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச்சொல்லு. ஓம், சம்மதம்தான். அழாதை. வரேக்க பூட்சையும் கொண்டரச் சொல்லு.”

பின் சீற்றில் எனக்கும் கண் கலங்கியது. சந்தோசத்தால் என்று சொல்ல முடியாது.