வெளியே புகை வராத பட்டறை

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்காது.

என் தொழில் நகை வடிவமைப்பு. சுரங்கத் தங்கத்தைத் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தவள் நான். ஒரு மோதிரத்துக்காக மலையைக் குடைவதும் ஆற்றை நஞ்சாக்குவதும் எனக்கு ஆகாது. குப்பைக்குப் போகும் செல்போன்களை வாங்கி, உள்ளே இருக்கும் பச்சை அட்டைகளை ஆசிட்டில் போட்டு, ஒட்டியிருக்கும் துளித் தங்கத்தைப் பிரித்தெடுப்போம். வடிவங்களைத் தேடி எங்கும் போகவில்லை. பாய் பின்னுகிறவர்கள் ஓரத்தில் போடும் முடிச்சு, பழைய ஜன்னல் கம்பியின் சுருள், எல்லாம் எங்கள் தெருவிலேயே கிடைத்தன. வேலை செய்கிறவர்களும் தெருப் பெண்கள்தான். புருஷன் விட்டுப்போனவள், மாமியார் துரத்தியவள், வேறு எவனும் வேலை கொடுக்காதவள். ஒவ்வொரு நகையோடும் அதைச் செய்தவளின் படத்தை வைத்து அனுப்புவேன். இதெல்லாம் வேஷம் என்று நினைக்காதீர்கள். அவர்களையே கேளுங்கள்.

ஆசிட் அறையில் என் தங்கை. வாய்த்துடுக்கு. "வெறுங்காதோட நகை விக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாள். ஆனால் சொன்ன வேலையைத் தட்டமாட்டாள்.

ஆசிட்டிலிருந்து ஒரு மஞ்சள் புகை வரும். சுவரில் பதித்திருந்த காற்றாடி அதை வெளியே தள்ளும். பக்கத்து வீட்டுக்காரர், மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் கறை படிகிறது என்று படம் எடுத்து எங்களிடம் நகை வாங்கும் கடைக்கே அனுப்பிவிட்டார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரே கடை. அவர்கள் ஒருவரை அனுப்பி, வேலை நடக்கும்போதே வெளிக்காற்றைச் சோதிப்பார்களாம். புகை இருந்தால் உறவு முடிந்தது. இத்தனை பெண்களையும் மறுபடி தெருவில் நிறுத்துவதா? புகையைச் சுத்தம் செய்யும் இயந்திரம் எங்கள் சக்திக்கு எட்டாதது. யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காற்றாடியைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னேன்.

"அப்ப புகை எங்கம்மா போகும்?" என்றார்.

"அது என் கவலை. நீங்க பூசுங்க."

சோதிக்க வந்தவர் நல்ல மனிதர். ஆசிட் அறைக்குள் விருந்தாளிகளை விடுவதில்லை, ஆபத்து என்றேன். பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையா என்று பாராட்டினார். சந்தில் கருவியை வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். தங்கை ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்ணெல்லாம் எரியுதுக்கா. மூச்சு முட்டுது. கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போறேன்."

"அவர் போற வரைக்கும் பொறுத்துக்கடி, என் கண்ணு இல்ல?"

அவளுக்குப் பொறுமை கிடையாது. அவள் கதவைத் திறந்தால் புகை மொத்தமும் வெளியே வந்துவிடும். அதனால் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் கையால், பிறகு எதையோ எடுத்து. கூடத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்தாள். நான் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள் மேடம், பிள்ளைக்காரி.

அது என்ன சத்தம் என்று அவர் கேட்டார். தகடு தட்டுகிறார்கள், எங்களிடம் எல்லாமே கைவேலைதான் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார். நான் காபி கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

காற்று சுத்தம் என்று கருவி காட்டியது. அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து ஆசிட் அறைக் கதவைத் திறந்தேன். வாசற்படியிலேயே கிடந்தாள். கையில் இடுக்கி.

தாழ்ப்பாள் தானாக விழுந்தது என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னது பொய். நான்தான் போட்டேன். தட்டுவது அவள் என்று தெரியும். எதற்குத் தட்டுகிறாள் என்றும் தெரியும். தெரிந்தே திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை நினைத்து நான் அழாத நாளில்லை.

நேற்று ஆர்டர் வந்துவிட்டது என்று சொன்னார்கள். ஒரு வருஷத்துக்குப் பட்டறை ஓடும். ஆனால் ஆசிட் அறைக்கு இனி யாரைப் போடப்போகிறார்களோ என்று பெண்களெல்லாம் நடுங்குகிறார்களாம். வெளியே போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மேடம், அவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். ஊரான் வீட்டுப் பெண்ணை அங்கே நிறுத்த எனக்கு ஒருநாளும் மனசு வராது. எனக்கு இன்னொரு தங்கை இருக்கிறாள்.