செவ்வாய்க்கிழமை ஃபோன்

பாபடோயிட்டோய் புறநகரின் ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனைக்கு எனக்கு முன்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அவர்களில் இருவர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். ஒருவருக்கு எழுபது வயதிருக்கும், மற்றவருக்கு ஐம்பது. மூத்தவர் சொன்னதைக் கேட்டு ஆட்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"சீனி இறங்கக்கூடாதெண்டு தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரே அக்கா? கால் விரல் விறைக்குதெண்டு சொன்னனீங்கள்."

"ஓம், விறைக்குதுதான். சீனி கூடின ஆக்களுக்குத்தான் கிளினிக்கில புதுசா வந்த அந்தத் தமிழ் நர்ஸ் செவ்வாய்க்கிழமையில ஃபோன் எடுக்கிறவ. இறங்கினா நிப்பாட்டிப்போடுவா."

"அப்பிடி என்னத்தைக் கதைக்கிறவ?"

"எத்தினை இடியப்பம், சொதியோ சம்பலோ, ஆரோட இருந்து சாப்பிட்டனீங்கள் எண்டெல்லாம் கேப்பா. முந்தின வெள்ளைக்கார நர்ஸ் எத்தினை துண்டு பாண் எண்டு மட்டுந்தான் கேட்டவ."

"மகன் கேக்கிறேல்லையோ?"

"அவன் ஓகேயா எண்டு மெசேஜ் போடுவான். நானும் ஓகே எண்டு போடுவன்."

"சரி, இனிச் செவ்வாய்க்கிழமையில நான் எடுத்துக் கேக்கிறன். நீங்கள் சீனியை விடுங்கோ."

"மூண்டு மாதத்துக்கு முன்னம் இதே கதிரையில இருந்து இதைத்தான் சொன்னனீ."

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். மூத்தவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டே எழுந்து போனார்.

மூன்று மாதத்தில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள்.