இரண்டாவது ஊசி பற்றி நோயாளி சொன்னது

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் உள்ள தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது முப்பத்தாறு. பள்ளி வேன் ஓட்டுகிறேன். லாரி மெக்கானிக்கான என் அண்ணனோடு ஒரே வீட்டில் வசித்து வருகிறேன். எனக்குத் தவறான ஊசி போட்டதாக டாக்டரம்மா மீது என் அண்ணன் கொடுத்த புகார் குறித்தும், என் அண்ணன் நர்ஸின் கையை உடைத்ததாக மருத்துவமனை கொடுத்த புகார் குறித்தும் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

காலையில் வேனை எடுத்தால் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வரை ஒதுங்க இடம் கிடையாது என்பதால் நான் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. போன வாரம் சிறுநீர் போகும்போது எரிச்சலும் பிறகு காய்ச்சலும் வந்தது. அண்ணன் மருந்துக் கடையில் கேட்டு, கிருமிக்கான செஃபிக்ஸைம் மாத்திரை வாங்கி வந்தார். தொண்டை வலி, பல் வலி எதுவானாலும் எங்கள் வீட்டில் அதே மாத்திரைதான். இந்த முறை அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்து, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக வந்தது. அண்ணனிடம் காட்டினேன். "உள்ளங்கை அரிச்சா பணம் வரும் பாப்பா, எனக்கும் பாதி குடு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாலைக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. அதன் பிறகு போட்ட மாத்திரைகளையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டேன்.

காய்ச்சல் குறையாமல் விலாவுக்குக் கீழே முதுகில் வலி வந்ததால் அண்ணன் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, வாந்தி இருப்பதால் மாத்திரை தங்காது, நரம்பில்தான் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அதற்கு முன், "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? இந்த ரெண்டு மூணு நாள்ல என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முந்திக்கொண்டு, "வெறும் காய்ச்சல் மாத்திரைதாம்மா, வேற எதுவும் குடுக்கல. இவ கல்லைத் தின்னாலும் செரிப்பா" என்றார். கடையில் தானாக வாங்கிக் கொடுத்ததற்குத் திட்டு விழும் என்று பயந்திருப்பார். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பேச முடியாவிட்டாலும் இல்லை என்று தலையாட்ட முடிந்திருக்கும். ஆகவே அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு நர்ஸ் செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்துப் பொடியைக் கரைத்து என் கை நரம்பில் மெதுவாக ஏற்றினார். பாதி ஏறுவதற்குள் உள்ளங்கை அரித்தது. சொன்னேன். உடனே அவர் ஊசியை நிறுத்தி டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அதற்குள் உதடு தடித்து, தொண்டையை யாரோ உள்ளிருந்து நெரிப்பது போல் இருந்தது. கண் தெரிந்தது, காது கேட்டது, குரல் மட்டும் வரவில்லை.

டாக்டரம்மா ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியோடு என் தொடைப் பக்கம் குனிந்தார். "இன்னும் என்னத்தம்மா ஏத்துறீங்க, சாகடிக்கிறீங்களா?" என்று அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் ஊசி கீழே விழுந்தது. நர்ஸ் குறுக்கே வந்து நின்றார். அண்ணன் அவரைத் தள்ளினார். அவர் மருந்து வண்டியின் விளிம்பில் கை மோத விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "அடுத்தது மேல் தட்டுல இருக்கு மேடம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. டாக்டரம்மா அதை எடுத்து என் தொடையில் போட்டார். சற்று நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது. புகாரில் தவறான ஊசி என்று அண்ணன் சொல்லியிருப்பது இந்த ஊசியைத்தான்.

மறுநாள் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தைய நாள் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். மாத்திரையையும் அரிப்பையும் சொன்னேன். கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டவிடாமல் கெடுப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை, மாத்திரையும் முதல் ஊசியும் கூடப் பிறந்தவை போல, ஒன்று ஆகாவிட்டால் மற்றதையும் தொடக்கூடாது என்றார். பெனிசிலின் தூரத்துச் சொந்தம்தானாம், அது ஒத்துக்கொள்ளாத பலருக்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாதாம். "டெஸ்ட் ஊசி போடலைன்னு அண்ணன் சொல்றாரே" என்று கேட்டேன். "தோல்ல ஒரு சொட்டு போட்டுப் பார்த்து எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட முடியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான் முதல் டெஸ்ட். கேட்டேனே" என்றார். வேறு வகை மருந்து கொடுத்துக் குணமாக்கி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பின் அண்ணன், "மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்லாம விட்டுடு பாப்பா" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். வகிடு எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

உடைந்த கையோடு ஒருவர் வீட்டில் இருக்கிறார், உயிரைக் காப்பாற்றிய ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறார் என்பதை யோசித்து, எல்லாவற்றையும் சொல்லப் போவதாக இன்று காலை அண்ணனிடம் கூறினேன். அவர், "சொல்லு. உனக்கு மூச்சு இருக்கு, எனக்கு அது போதும்" என்றார். என்னை நிலையத்துக்கு வண்டியில் கூட்டி வந்ததும் அவர்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இன்றி நான் கண்டும் கேட்டும் அறிந்த உண்மைகள். எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். குற்றம் சாட்டப்பட்டவரை அவர்கள் வழக்கப்படி 'எதிரி' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் 'என் அண்ணன்' என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு கையொப்பமிட்டேன்.