உள்மூச்சில் சம்மதம் சொன்ன மாய்லிஸ்

முதல் மேசையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் லெனார்ட் அவர்களே, பாதிரியார் அவர்களே, மாய்லிஸின் கணவர் எவெர்ட் அவர்களே, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்களே, மடியில் பிள்ளையோடு கதவோரம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரின் துக்கத்தோடும் என் துக்கத்தைச் சேர்த்து வணங்குகிறேன்.

என் பெயர் தூவா. பேட்டரித் தொழிற்சாலையின் உலர் அறையில் வேலை செய்கிறேன். பேச்சின் நடுவே என் மகன் எலிஸ் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அப்பா குன்றின் மேல் காற்றாலை இறக்கைகளில் உறைந்த பனியை நீக்கப் போயிருக்கிறார். இன்று காற்று அதிகம். அவர் கூப்பிடக்கூடும் என்று கைப்பேசியை மேசைமேல் வைத்தபடிதான் பேசுகிறேன். அதற்கும் மன்னியுங்கள்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? உலர் அறையின் ஷிப்ட் தலைவியை! தொழிற்சங்கத்தின் பிரதிநிதியை! மாய்லிஸ் புர்மானை! இப்படி அடுக்கினால் அவருக்குப் பிடிக்காது. "பட்டத்தையெல்லாம் கோட்டோட சேத்துக் கழட்டி வெளிய மாட்டிட்டு வா" என்பார். மன்னிக்க வேண்டும் மாய்லிஸ், இன்று ஒரு நாள் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாதி வாழ்நாள் சீஸ் பண்ணையில், சீஸ் பழுக்கும் அறையின் ஈரம் குறையாமல் காத்தவர் அவர். மீதியில் பேட்டரி அறைக்குள் ஈரம் நுழையாமல் காத்தார். எப்படி மாற முடிந்தது என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான். காத்துல என்ன இருக்குன்னு தெரியணும். ஒண்ணைத் திங்கலாம், இன்னொண்ணைத் திங்க முடியாது, அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் அறைக்குள் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலைவனத்தைவிட வறண்ட இடம் அது. சிறு ஈரம் பட்டாலும் பேட்டரி பாழ். மனிதரின் மூச்சே அங்கே பகை. அதனால் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் உள்ளே இருக்கலாம் என்று கணக்கு உண்டு. ஒருவர் கூடுதலாக நுழைந்தால் ஒருவர் வெளியேற வேண்டும்.

தெற்கே தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து ஓர் இளம் பொறியாளர் வந்திருந்தார். வேலை புரிந்ததா என்று மாய்லிஸைக் கேட்டார். மாய்லிஸ் நம் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தார். அந்தப் பையன் பயந்துபோய், "இவங்களுக்கு மூச்சுத் திணறுது, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்திவிட்டான்.

"தம்பி, அது ஆமாங்கிறது" என்றார் மாய்லிஸ். "இந்த ரூமுக்கு வடக்கத்தி ஆளுங்கதான் லாயக்கு. நாங்க சம்மதம் சொல்றப்பகூடக் காத்தை உள்ளதான் இழுப்போம். நீங்க தெக்க இருந்து வந்தவங்க, பேசிப் பேசியே ரூமை ஈரமாக்கிடுவீங்க."

சிரியுங்கள். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். எலிஸுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. கணவர் காற்றாலையில், நான் உலர் அறையில் இரவு ஷிப்டில். ஊரில் இருந்த காப்பகம் மாலையோடு மூடிவிடும். யார் யார் வீட்டிலோ பிள்ளையை விட்டுவிட்டு வருவேன். வந்து, முகமூடிக்குள் அழுதுகொண்டே வேலை செய்வேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் மாய்லிஸ் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் ஏறுதே! யாரு ஒழுகுறது?"

நேராக என்னிடம் வந்தார்.

"ஏ பொண்ணு, அழணும்னா வெளிய போய் நல்லா அழு. முடிச்சிட்டு வா. பாதி அழுகையோட இங்க நிக்காத."

வெளியே போனேன். பின்னாலேயே அவரும் வந்தார், காப்பிக் கோப்பையோடு, நம் ஊர்க்காரர்கள் குடிப்பதுபோல் சீஸ் துண்டுகளை அதில் போட்டபடி.

"மாய்லிஸ், நான் வேலையை விட்டுடறேன்."

"விடு. அப்புறம்?"

"அப்புறம்... வீட்டுல இருப்பேன்."

"ஆத்துல தண்ணி ராத்திரி தூங்குதா? இல்ல. காத்து தூங்குதா? இல்ல. மெஷின் தூங்குதா? அதுவும் இல்ல. அப்ப உம் புள்ள மட்டும் எங்க தூங்குவான்னு இந்த ஊர்ல எவனாவது யோசிச்சானா? நீ எதுக்கு வேலைய விடணும்? குடி காப்பிய!"

அந்த மீட்டர் அன்று அசையவே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பார்த்தது மீட்டரை அல்ல, என் தோள்களை!

அதன்பின் நடந்தது இந்த அவைக்கே தெரியும். லெனார்ட் அவர்களே, நான் சொல்லலாம் அல்லவா? உலகமே திரும்பிப் பார்க்கும் தொழிற்சாலையைப் பார்வையிட நீங்களும் நான்கு உறுப்பினர்களும் வந்தீர்கள். ஐந்து பேர் உள்ளே வந்தால் ஐந்து பேர் வெளியே போக வேண்டும். மாய்லிஸ் யாரை அனுப்பினார்? கைக்குழந்தை உள்ள ஐந்து தாய்மாரை! பேட்டரிக்குள் மின்தகடுகளை அடுக்கும் இயந்திரத்தை ஓட்டியவர்கள் நாங்கள். இயந்திரம் நின்றது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தோம், ஒலிபெருக்கியில் கேட்டோம்.

"என்ன மாய்லிஸ், மெஷின் நின்னுடுச்சு?"

"அம்மாமாருங்க வெளிய போயிட்டாங்க, லெனார்ட்."

"கூப்பிடு அவங்கள."

"கூப்பிடலாம். அவங்க ராத்திரி வரணும்னா புள்ளைங்க படுக்க ஒரு எடம் வேணுமே? நீ பள்ளிக்கூடத்துலயே கணக்குல மட்டம். அதான் நேர்ல நிறுத்திக் காட்டினேன்."

ஒரு தலைவரிடம் அப்படிப் பேச வேறு யாருக்கு வாய் வரும்? நீங்கள் கோபித்துக்கொண்டீர்களா? இல்லை! முகமூடிக்குள்ளிருந்து மூச்சை உள்ளே இழுத்தீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது.

தீயணைப்பு நிலையத்தின் பின்னால் உள்ள அந்த மஞ்சள் வீடு இரவுக் காப்பகமானது அப்படித்தான். கோடையில் சூரியன் மறைய மறுக்கும் நம் ஊரில் பிள்ளைகள் எப்படித் தூங்குவார்கள்? கனத்த கருநீலத் துணியில் மாய்லிஸே திரைகள் தைத்துக் கொடுத்தார். எவெர்ட் ஏணியில் நின்று மாட்டினார். "கோணலா இருக்கு, எவெர்ட்!" "நீ ஏறு பாப்போம்!" என்று இருவரும் சண்டை போட்டது தெருவுக்கே கேட்டது.

பிறகு கெட்ட காலம் வந்தது. கம்பெனி திவாலானது. பாதிப் பேர் பெட்டி கட்டினார்கள். பெரிய நகரத்துப் பத்திரிகைகள் நம்மைப் பார்த்துச் சிரித்தன. புதிய முதலாளிகள் வந்து மறுபடி இயந்திரம் ஓடுகிறது என்றாலும் நகராட்சியின் கையில் பணம் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், இரவுக் காப்பகத்தை மூடும் தீர்மானம் வருகிறது. மூடினால் நானும் என்னைப் போன்றவர்களும் வேலையை விட வேண்டும். வேறு வழி இல்லை.

கடைசியாக மாய்லிஸை மருத்துவமனையில் பார்த்தேன். மூக்கில் குழாய். தீர்மானத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் போனேன். அவரே கேட்டார்.

"திரை இருக்கா?"

"இருக்கு மாய்லிஸ்."

"செவ்வாக்கெழமைக்கு அப்புறம்?"

கண் நிறைந்தது. பழக்கம் விடுமா? எழுந்து வெளியே போகக் கிளம்பினேன்.

"எங்க போற? இது நம்ம ரூம் இல்ல, பொண்ணு. இங்க அழலாம். உக்காரு."

உட்கார்ந்து அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்பர்களே! ஆற்றில் அணை கட்டினோம். குன்றில் காற்றாலை நட்டோம். காற்றில்லாத நாளுக்கும் மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி செய்கிறோம். இத்தனையும் செய்யும் ஊருக்கு, ஒரு பிள்ளைக்கு இரவில் ஒரு கட்டில் போடத் தெம்பில்லையா? மாய்லிஸ் விட்ட இடத்திலிருந்து நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். இது உறுதி! செவ்வாய்க்கிழமை பிள்ளைகளோடு நகராட்சி மன்றத்துக்கு வருகிறோம். நீங்கள் வருவீர்களா?

...நன்றி. மண்டபத்தின் காற்றையே உள்ளே இழுத்துவிட்டீர்கள்.

லெனார்ட் அவர்களே, உங்களைப் பேச அழைக்கவில்லை. நீங்கள் பேச்சாளர் அல்ல என்று மாய்லிஸே சொல்வார். பழைய பள்ளித் தோழிக்காக ஒரு மூச்சு போதும். அந்தக் காப்பகத்தை மூடாமல் காப்பீர்களா? நான் காத்திருக்கிறேன்.

...

கேட்டது. எவெர்ட், உங்களுக்கும் கேட்டதா? கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

சரி, எல்லோரும் மூச்சை வெளியே விடலாம். இங்கே அழவும் செய்யலாம். காப்பி ஆறுகிறது, சீஸ் மாய்லிஸின் பழைய பண்ணையிலிருந்து வந்தது. எடுத்துக்கொள்ளுங்கள்.