படிவத்தில் புருசன் பெயர்

"ஏளா, புருசன் பேரை எழுத வேண்டாம்."

தூத்துக்குடியில் ஓர் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் சொன்னாள். முப்பது வருசமாக அகதி முகாமில் இருப்பவள். போன வாரம் மன்னாரிலிருந்து படகில் வந்த இளையவளுக்கு முகாம் பதிவுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா? வரேக்க படகால கடலுக்க விழுந்தவர்தான். ஆனா நல்லா நீந்துவார். தேடி வந்தா பேர் இருக்க வேணுமே."

"எழுதினா மாசாமாசம் ஆள் எண்ணும்போது கூப்பிடுவாவ. ஆள் இல்லன்னா பேரை அடிச்சிருவாவ. எங்க வீட்டுக்காரரும் கடல்லதான் போனாரு. நம்பி எழுதினேன். என் கண்ணு முன்னாலயே பேரை அடிச்சாவ. அன்னைக்குத்தான் எனக்கு அவரு செத்தாரு."

வரிசை நகர்ந்தது. இளையவள் நகரவில்லை.

"எழுதுங்கோ அக்கா. ஒருக்கா எண்டாலும் ஆராவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."