பாத்திரத்தில் விழுந்த கறி

— போதும் சாமி. எல்லாத்தையும் எனக்கே வழிச்சுப் போட்டா நீங்க என்னத்தச் சாப்பிடுவீங்க? மடத்துக்குன்னு போட்ட சோறு. எனக்குப் பாவம் சேரும்.

— சேராதும்மா. பெத்தவங்களுக்குப் பாத்திரத்துலேர்ந்து குடுக்கலாம்னு புத்தர் பகவானே சொல்லியிருக்கார். இன்னிக்கும் மூங்கில் குருத்துப் புளிக்கறி. சாப்பிடுங்க.

— பெத்த புள்ளைய விழுந்து கும்பிட்டு, அவர் கொண்டாந்த சோத்தத் திங்கிறேன். கஞ்சித் தண்ணி எறங்காமக் கிடந்தவள இந்தக் கறிதான் எழுப்பி உக்கார வச்சுது. பல்லில்லாதவளுக்குன்னே பொடிப்பொடியா அரிஞ்சிருக்கு. எந்த மகராசியோ, நல்லா இருக்கணும்.

— யாருன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே.

— பன்னெண்டு வீட்டுச் சோறு விழுற பாத்திரம். அதுல எதன்னு கேக்குறது?

— இன்னிக்கு நானே சொல்லிடுறேன், கோபப்படாதீங்க. மூணு மாசமா இந்தக் கறி பக்கத்து வீட்டு மா சேன் யீ வச்சது.

— அவளா? உங்கள மடத்துல சேக்குற ஊர்வலத்தன்னிக்கு, பட்டும் கிரீடமுமா நீங்க குதிரை மேல உக்காந்திருக்கீங்க. ஊரே கூடி நிக்கிற எடத்துல, குதிரை என் வீட்டு இரவல்னு சொல்லிக் காட்டினாளே, அவளா? அவ வீட்டுப் பருக்கை என் வாய்ல படாதுன்னு புத்தர் முன்னாடி சொல்லி இருபது வருஷம் ஆச்சு.

— அது தெரிஞ்சுதான் அவங்க உங்க கையில நேரா குடுக்காம என் பாத்திரத்துல போட்டாங்க. நானும் கேக்கல, பிச்சைக்குப் போறவன் வாய் தொறந்து கேக்கக் கூடாது. பாத்திரத்துல விழுந்துட்டா அது அவங்களுது இல்லியேம்மா.

— மூணு மாசமா சொல்லாதவர் இன்னிக்கு ஏன் சொல்றீங்க?

— நாளைக்குக் காலைப் படகுல மகன்கூட மாண்டலே போறாங்க. இனிமே அங்கதானாம். சொல்லாம விட மனசு கேக்கல.

— அந்தக் கைத்தடிய இப்படிக் கீழ வையுங்க சாமி, நான் எடுத்துக்கிறேன். அவ வீட்டுக்குப் போறேன்.

— போற நேரத்துல சண்டை வேணாம்மா.

— சண்டையா? புளிச்ச குருத்துல நாப்பி மீன் விழுத வறுத்துப் போடுறவ இந்த ஊர்ல அவ ஒருத்திதான். முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, உங்க வாயால சொல்லிட்டா நான் திங்க முடியாது. அதான் கேக்காமலே தின்னுட்டு, தினம் சாயங்காலம் புத்தரக் கும்பிட்டுப் புண்ணியத்தப் பங்கு வைக்கிறப்ப உங்க பேருக்கும் முன்னாடி அவ பேரச் சொல்லிட்டிருந்தேன்.