சிந்து சொல்லாத வாக்கியம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் சில்வெஸ்டர் அவர்களே, முப்பது ஆண்டுகள் நிருபமாவோடு வாழ்ந்து இன்று தனியே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சேஷகிரி அவர்களே, சக்கர நாற்காலியிலும் வெள்ளைக் கோலோடும் அல்சூர் மெட்ரோவில் இறங்கி இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பேராசிரியர் முனைவர் நிருபமா மறைந்து இன்றோடு பதினாறு நாள். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாளைக்கு இந்த இராஜமாணிக்கம் செத்தால் இத்தனை பேர் வருவீர்களா? பத்து நாற்காலி நிறையுமா? என் பக்கத்தில் நின்று சைகை மொழியில் பெயர்க்கும் தங்கை இப்போது 'பொறாமை' என்பதற்கு ஒரு சைகை காட்டினார். அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சில் பல தடவை வரும்!

சிறப்புக் கல்வித் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறை. நடுவில் ஒரு மரத் தடுப்புதான். இருவருக்கும் ஒரே வேலை. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை எண்ணிக்கையில் அளக்க முடியாது, அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வு முறை. பண்புசார் ஆய்வு என்று பாடப்புத்தகம் பெயர் வைத்திருக்கிறது. நானும் கேட்டேன், அவரும் கேட்டார். அவரிடம் ஏன் எல்லாரும் பேசினார்கள்? என்னிடம் ஏன் யாரும் பேசவில்லை?

அவர் எப்படிப் போவார் தெரியுமா? முதல் மூன்று தடவை ரெக்கார்டரே எடுத்துப் போகமாட்டார். நாலாவது தடவைதான் பையைத் திறப்பார். ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பார். பக்கத்திலிருக்கும் அம்மாவோ அண்ணனோ முந்திக்கொண்டு பதில் சொல்ல வந்தால், "ஒரு நிமிஷம், அவங்களே சொல்லட்டும்" என்பார். அந்த மௌனத்தையும் எழுதுவார். 'நாற்பது நொடி காத்திருந்தேன்' என்று எழுதுவார்! எல்லாம் எழுதி முடித்த பிறகு திரும்பவும் அந்த வீட்டுக்குப் போய், பேசியவருக்கே படித்துக் காட்டுவார். இந்த வரியை அடியுங்கள் என்று பேசியவர் சொன்னால் அடித்துவிடுவார்.

நான் எப்படி? ஒரே மத்தியானத்தில் ஆறு வீடு. வாசலில் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போவேன். "நம்ம மேடம் சும்மா உக்காந்திருக்கறதையே எழுதி புரொபசர் ஆயிடுவாங்க போல" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நிருபமாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் முனிராஜ் வந்திருக்கிறார். பார்வை இல்லாதவர். அவருடைய பேட்டியை வைத்து நிருபமா இரண்டு வருடம் உழைத்து ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன் படித்துக் காட்டப் போனார். முனிராஜ் என்ன சொன்னார்? "பேடா மேடம், வேண்டாம். என் தம்பி பொண்டாட்டி காதுல விழுந்தா வீட்ல கலாட்டா ஆயிடும். எடுத்துடுங்க." எடுத்துவிட்டார்! ஒரு பக்கத்தை அல்ல, கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டார்! அந்த வருடம் பதவி உயர்வு யாருக்கு வந்தது? எனக்கு. மைசூர்பாகு வாங்கிப்போய் அவரிடம் நீட்டினேன், முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று. அவர் ஒரு துண்டு எடுத்துக் கடித்துக்கொண்டே, "உங்களுக்குத்தான் சார் வரணும், எவ்வளவு ஓடியாடி வேலை செய்யறீங்க" என்றார். குத்தலாகவாவது சொல்லியிருக்கக் கூடாதா? மனசாரச் சொன்னார்.

அடுத்த வருடம் என் புத்தகம் வந்தது. அதில் ஒரு வாக்கியத்தை உங்களில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஆசிரியர் பயிற்சி நடக்கிற இடங்களில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு பாராட்டு விழாக்களில் அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குச் சால்வை போட்டார்கள். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டின வீட்டில், மூளை முடக்குவாதம் உள்ள பத்தொன்பது வயதுப் பெண் சிந்து சொன்னதாக நான் எழுதிய வாக்கியம் அது.

நடந்தது என்ன? சிந்துவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். நான் கேள்வி கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறக்க முயன்றது. வாசலில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். வந்த மனுஷர் காத்திருக்கிறாரே என்று அவள் அம்மா மங்களம் சங்கடப்பட்டு, "தான் எனக்குப் பாரம்னுதான் சார் இவ நினைச்சுக்கிட்டிருப்பா" என்றார். அந்த அம்மா மேல் தப்பில்லை. காபி போட்டுக் கொடுத்து, மகளுக்காக ஒரு பதிலும் சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன். கொஞ்சம் மெருகேற்றி, சிந்துவின் வாயில் வைத்தேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

எட்டு வருடம் கழித்து நிருபமா தன் ஆய்வுக்காகச் சிந்துவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து அந்த மரத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, மெல்லச் சொன்னார். "சார், அந்த வரி தன்னோடது இல்லைங்கறாங்க சிந்து. நீங்களே ஒருதரம் போய்ப் படிச்சுக் காட்டிடுங்க."

நான் கத்தினேன். "என் புத்தகத்தைத் துருவறதுதான் உங்க ஆராய்ச்சியா?" என்று கேட்டேன். கதவைச் சாத்தினேன். அதன் பிறகு பதினோரு வருடம், வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்: "ஒக்கலிபுரம் போனீங்களா சார்?" அவ்வளவுதான். முதல்வரிடம் சொல்லவில்லை, பதிப்பாளருக்கு எழுதவில்லை. சேஷகிரி, உங்களிடம்கூடச் சொன்னதில்லை, இல்லையா? போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் அதைத்தான் கேட்டார்.

அவரைப் பற்றி இப்படி ஒன்று என் கையில் சிக்கியிருந்தால் விட்டிருப்பேனா? மறுநாளே ஊரெல்லாம் தெரிந்திருக்கும். ஆக, பெருந்தன்மையும் அவருக்கே! எனக்கென்று ஒன்றாவது விட்டுவைத்தாரா இந்த அம்மா?

நேற்றுதான் போனேன். அவர் கேட்டபோதெல்லாம் போகாதவன், கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு போனேன். சிந்துவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. "வீட்டிலேயே படிச்சுக் காட்டிடறேம்மா, போதுமா?" என்று கேட்டேன். கோழைத்தனம்தான். வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "புக்ல எல்லார் முன்னாடியும் போட்டீங்க. எல்லார் முன்னாடியும் படிங்க." அதனால்தான் இன்று தாயும் மகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

இறந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட கூட்டங்களை முடிப்போம். எப்படித் தொடர்வது? நூலகத்துக்கு அவர் பெயர் வைத்தா? வருடம் ஒரு சொற்பொழிவு நடத்தி, போளி சாப்பிட்டுக் கலைந்தா? அவர் பணி எனக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் வைத்திருக்கிறது. அதை இப்போது செய்கிறேன்.

என் புத்தகம், எழுபத்து நாலாம் பக்கம். 'நான் என் அம்மாவின் தோளில் இருந்து இறக்கி வைக்க முடியாத பாரம்.' சிந்து, இது நீங்கள் சொன்னதா?

மங்களம் அம்மா, ஒரு நிமிஷம். அவங்களே சொல்லட்டும். சபையோரே, யாரும் உதவிக்கு வர வேண்டாம். காத்திருப்போம்.

…

ஐம்பத்திரண்டு நொடி. என் வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணினேன். மைக்கில் விழுந்திருக்காது. சிந்து சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிச் சொல்கிறேன். "நான் சொல்லல. அன்னிக்கு எங்கம்மாதான் சொன்னாங்க. என்னை நீங்க கேட்டுட்டு, போயிட்டீங்க."

கேட்டீர்களா? கேட்டுவிட்டுப் போய்விட்டேன். இனி வரும் பதிப்பில் அந்த வரி இருக்காது. அது ஒட்டியிருக்கும் சுவர்களிலிருந்தெல்லாம் நானே போய்க் கிழிப்பேன். இந்தச் சபையில், நிருபமாவின் பெயரால் உறுதி சொல்கிறேன்.

நிருபமா, இப்போதும் உங்கள் மேல் பொறாமைதான். இந்தப் பதில் உங்களுக்குப் பதினோரு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். எத்தனை நொடி என்று எங்கே எழுதி வைத்தீர்களோ தெரியாது.

தலைவர் அவர்களே, அடுத்தவரைப் பேச அழையுங்கள். நான் மேடையில் என் நாற்காலிக்குத் திரும்பவில்லை. சிந்துவின் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அங்கே போய் உட்காருகிறேன். எனக்குப் பத்தொன்பது வருடத்துப் பேட்டி ஒன்று பாக்கி. இன்று வாசலில் ஆட்டோ எதையும் நிறுத்திவிட்டு வரவில்லை.